மேல்கோட்டை ஏற்றமும் அமெரிக்க மோட்டார் வண்டியும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நம்மவர் முதலில் வினவுவது எஞ்சினின் குதிரைத்திறன், அடுத்து மைலேஜ், பின்னர் வண்டியின் நிறமும் மெத்தையும். பின் சக்கரங்களுக்கு நடுவே, எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த ஓர் இரும்புக் கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் இரண்டு பற்சக்கரங்களைப் பற்றி எவரும் வினவுவதில்லை. ஆயினும், எஞ்சின் ஈட்டிய ஆற்றலைச் சாலையில் எவ்வாறு செலவழிப்பது என்று முடிவு செய்பவை அவ்விரண்டுமே. வேகமாகவும் செலவழிக்கலாம், வலிமையாகவும் செலவழிக்கலாம், இரண்டையும் ஒருங்கே முழுதாகப் பெற இயலாது. இவ்வுண்மையை நம் தென்னாட்டு மோட்டார் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு மேல்கோட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். திருநாராயணபுரம் என்று தமிழ் மரபு போற்றும் இவ்வூர், ஸ்ரீ ராமாநுஜர் சோழ நாட்டினின்று வந்து பல்லாண்டு தங்கிய பதியாதலின், கன்னட நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அயலூர் அன்று. மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஸ்ரீரங்கப்பட்டணமும் பாண்டவபுரமும் கடந்து ஜக்கனஹள்ளி வரையில் வயலும் கரும்பும் தென்னையுமாகச் சாலை பெரும்பாலும் சமனாகவே செல்லும். அதன் பின்னரே குன்றின்மேல் ஏற்றம். ஆகவே, இவ்வழியில் பெரும்பகுதி சமவெளி. இறுதிச் சிறு பகுதியே மலை. ஆண்டுதோறும் பங்குனியில் வைரமுடி சேவைக்காக, மண்டியாக் கருவூலத்தினின்று திருமுடி வண்டியில் புறப்பட்டு, வழியூர்கள்தோறும் வழிபாடு ஏற்று, இக்குன்றின்மேல் சேர்கிறது. அந்நாளில் அச்சாலையில் செல்லும் ஒவ்வொரு வண்டியும், சமவெளிக்கு ஏற்றதாகவும் மலைக்கு ஏற்றதாகவும் இருக்கவேண்டிய இரட்டைக் கடமையைச் சுமந்தே செல்கிறது.

பல்லின் கணக்கு

எஞ்சினிலிருந்து கியர்பெட்டி வழியாக வரும் நீண்ட தண்டின் முனையில் ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. அதனைப் பினியன் என்பர். அது ஒரு பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்; அது கிரவுன் வீல். பெரியதன் பற்களைச் சிறியதன் பற்களால் வகுத்தால் வருவதே பின் அச்சின் விகிதம். பினியனில் 9 பல்லும் கிரவுன் வீலில் 37 பல்லும் இருப்பின் விகிதம் 4.11. அதாவது, சக்கரம் ஒருமுறை சுழலத் தண்டு நான்கு முறைக்குச் சற்று மேலாகச் சுழலவேண்டும்.

சைக்கிள் ஓட்டிப் பழகியவர்க்கு இது எளிதில் விளங்கும். பின் சக்கரத்துப் பற்சக்கரம் பெரிதாயின் மேட்டில் மிதிப்பது எளிது. சமனான சாலையிலோ கால்கள் ஓயாது சுழலும். சிறிதாயின் சமவெளியில் வேகம் கிட்டும். மேட்டில் இறங்கித் தள்ளவேண்டியதுதான். மோட்டாரிலும் அப்படியே. விகித எண் பெரிதாயின் இழுவை மிகும், எஞ்சின் மிகுதியாகச் சுழலும், பெட்ரோல் செலவாகும். எண் சிறிதாயின் எஞ்சின் அமைதியாக ஓடும், ஏற்றத்தில் திணறும்.

9க்கு 37 என்னும் இவ்வெண்களில் ஒரு நுட்பமும் உண்டு. இரண்டுக்கும் பொது வகுஎண் இல்லாமையால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் ஒவ்வொரு பல்லையும் மாறி மாறிச் சந்திக்கும். தேய்மானம் எங்கும் ஒரே சீராகப் பரவும். முழு எண்ணாக அமையும் விகிதங்களை வடிவமைப்போர் பெரும்பாலும் தவிர்ப்பதற்கு இதுவே காரணம்.

வண்டிகள் வந்த வரலாறு

அமெரிக்க வண்டிகளுள் உலகெங்கும் பரவிய முதல் வண்டி ஃபோர்டு நிறுவனத்தின் டி மாடல். 1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. எஞ்சினின் திறன் 20 குதிரைகளே. முன்செல்லும் கியர்கள் இரண்டே. அதன் பின் அச்சில் வழக்கமாக 11க்கு 40 பற்கள், அதாவது 3.64. மேட்டுநிலத்தார்க்கென 10க்கு 40 பற்களும் கிடைத்தன. அது சரியாக 4. பினியனில் ஒரே ஒரு பல்லைக் குறைத்தமையால் இழுவை பத்தில் ஒரு பங்கு கூடிற்று. மேற்கூறிய நுட்பத்தை இங்கே விட்டுக்கொடுத்தும் மலைக்காகவே இவ்வெண்ணைக் கொண்டனர் என்பது கருதத்தக்கது. அவ்வண்டியின் பெட்ரோல் தொட்டி முன் இருக்கையின் கீழிருந்தது; பெட்ரோல் தானே வழிந்து எஞ்சினை அடைய வேண்டும். செங்குத்தான மேட்டில் முன்புறம் உயர்ந்துவிட்டால் பெட்ரோல் வழியாது. ஆகவே சாரதிகள் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் பின்னோக்கியே மலையேறினர். ரிவர்ஸ் கியர் மற்ற இரண்டையும்விட இழுவை மிக்கதாயிருந்தது கூடுதல் நன்மை.

நம் நாட்டில் ஃபோர்டு நிறுவனத்தின் இந்தியக் கிளை 1926-இல் அமைந்தது. அது கனடா நாட்டு ஃபோர்டு நிறுவனத்தின் கிளையாகும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் தொழிற்சாலை திறந்து செவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கிற்று. உறுப்புகளாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்ட இவ்வண்டிகள், நல்ல பாதையும் நல்ல பெட்ரோலும் எப்போதும் கிட்டாத நம் சாலைகளில் உழைத்தன. பேருந்துத் தொழிலும் இக்காலத்தே வளர்ந்தது. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கி மதுரையில் மோட்டார்த் தொழிலை நிலைநாட்டினார். கோவையின் ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கினார். அதன் ஒரு முனை மலைக்கோயிலின் அடிவாரம் என்பது நினைவுகூரத்தக்கது. தென்னாட்டில் மோட்டார் முதலில் நிறைந்த பாதைகளுள் பல, சந்தைக்கும் கோயிலுக்கும் செல்லும் பாதைகளே.

மூன்று கியரும் ஒரு கொள்கையும்

அமெரிக்கர் வண்டி செய்த முறையில் ஒரு கொள்கை இருந்தது. அங்கே பெட்ரோல் மலிவு, எஞ்சின் பெரிது. கியரை அடிக்கடி மாற்றுவதை வாங்குவோர் விரும்பவில்லை. டாப் கியரிலேயே மேடேறும் வண்டியே நல்ல வண்டி என்று பெயர் பெற்றது. ஆகவே கியர்பெட்டியில் மூன்று கியர்களே வைத்து, பின் அச்சின் எண்ணைச் சற்றுப் பெரிதாக வைத்தனர். 1940-களின் செவர்லே கார்களில் வழக்கமான விகிதம் 4.11 ஆனதற்கு இதுவே காரணம். பின்னர், 1956-இல் அமெரிக்கா நெடுஞ்சாலைச் சட்டம் இயற்றி நாடு முழுதும் அகன்ற நேர்ச்சாலைகளை அமைக்கத் தொடங்கியதும், வண்டிகளின் எண் படிப்படியாகச் சிறுத்தது. சாலை மாறியது, பற்களும் மாறின.

ஒரே வண்டிக்கு மூன்று எண்கள் அமைந்ததற்கு 1955-ஆம் ஆண்டுச் செவர்லே தக்க சான்று. கையால் மாற்றும் மூன்று கியர்ப் பெட்டி கொண்ட வண்டிக்கு 3.70, பவர்கிளைடு என்னும் தானியங்கிப் பெட்டி கொண்டதற்கு 3.55, ஓவர்டிரைவ் கொண்டதற்கு 4.11. தானியங்கிப் பெட்டியில் எண்ணெய்ச் சுழலால் இயங்கும் மாற்றி, புறப்படுகையில் இழுவையைத் தானே பெருக்கித் தருவதால் சிறிய எண் போதுமாயிற்று. ஓவர்டிரைவ் இருப்பின், சமவெளியில் தண்டின் வேகத்தை அது மாற்றி, 4.11-ஐ ஏறத்தாழ 2.88 போல நடக்கச் செய்யும். ஆகவே மலைக்குப் பெரிய எண்ணைத் துணிந்து வைக்க முடிந்தது. அவ்வண்டியின் டயர் அளவுக்கு, மணிக்கு 50 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுழல்வது, 4.11-இல் ஏறத்தாழ 2,600 முறை, 3.70-இல் 2,340, 3.55-இல் 2,250, ஓவர்டிரைவ் இயங்கும்போது 1,820. இழுவையைக் கணக்கிட்டால், 3.55-ஐவிட 4.11 ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு பங்கு மிகுதி. இப்பதினாறு பங்குக்காகவே இத்தனை ஆராய்ச்சியும்.

போருக்குப் பின் நம் சாலைகளில் நிறைந்த ஜீப்பும் இதையே உரைக்கும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் எண் 4.88. அதே குடும்பத்தில், போருக்குப் பின் உழவர்க்கென வந்த ஜீப்பின் எண் 5.38. ஏர் இழுக்கும் வண்டிக்கு வேகம் வேண்டுவதில்லை யன்றோ!

போர்க்காலக் கரிப் பேருந்து

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் அளந்து கொடுக்கப்பட்டது. அப்போது பேருந்துகளின் பின்புறம் ஓர் உலையைப் பொருத்தி, மரக்கரியை எரித்து வாயுவாக்கி எஞ்சினை ஓட்டினர். அத்தகைய கரிவாயுச் சாதனத்தை டி. வி. சுந்தரம் ஐயங்காரும் வடிவமைத்துச் செய்தளித்தார். கரி நம் நாட்டில் கிடைத்தது; வண்டிகள் நிற்காமல் ஓடின. ஆனால் எஞ்சினின் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையில் குறைந்தது. சமவெளியில் ஒருவாறு ஓடிய வண்டி, மேட்டில் பயணிகளை இறக்கி நடக்கச் செய்தது. பல இடங்களில் தள்ளவும் செய்தது. இக்காலத்தை நினைவில் வைத்திருந்த முதியோர் கரிப் பேருந்து என்றதும் நகைத்தது இதனாலேயே.

இங்கே மைசூர்ப் பீடபூமியின் இயல்பையும் கூறவேண்டும். மைசூர் நகரமே கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் காற்று மெலியும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு திறனை இழக்கும். ஆகவே, சென்னையில் நன்றாய் இழுக்கும் வண்டி, மைசூரில் ஏற்றம் தொடங்குமுன்னரே சிறிது சோர்ந்திருக்கும். சென்னைக்காரர் சொல்லும் எண்ணை மைசூரார் அப்படியே ஏற்கலாகாது.

போர் முடிந்தபின், மைசூர் அரசு 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் 120 பேருந்துகளுடன் தன் போக்குவரத்துத் துறையைத் தொடங்கிற்று. யாத்திரை செய்வோர் மெல்ல மெல்ல அரசுப் பேருந்துக்கு மாறினர். ஆயினும் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு என்றால் ‘பிளஷர் கார்’ வாடகைக்கு அமர்த்துவதே குடும்பங்களின் வழக்கமாயிருந்தது.

நிறுவனங்கள் சென்றன, வண்டிகள் நின்றன

1953-இல் மத்திய அரசு ஒரு கொள்கையை வகுத்தது. இந்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யும் திட்டம் உடைய நிறுவனங்களே இனி மோட்டார் வண்டி செய்யலாம் என்பது அதன் சாரம். உறுப்புகளைப் பூட்டுவதோடு நின்ற ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் பம்பாய்த் தொழிலை மூடிற்று, ஃபோர்டும் விலகிற்று. பிரீமியர் நிறுவனம் மட்டும் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ, ஃபார்கோ முதலிய பெயர்களில் கிறைஸ்லர் குடும்பத்து வண்டிகளைத் தொடர்ந்து செய்தது. ஆயிரக்கணக்கான செவர்லேயும் ஃபோர்டும் உற்பத்தியாளர் அருகில் இல்லாத நிலையில் இங்கேயே தங்கிவிட்டன. சட்ட நோக்கில் அக்கொள்கை நாட்டுக்கு நன்மையே செய்தது. உள்நாட்டு மோட்டார்த் தொழில் அதனால் வேரூன்றிற்று. ஆனால் அவ்வண்டிகளை ஓட்டிய குடும்பங்களுக்கும் சாரதிகளுக்கும் ஒரு புது வினா எழுந்தது: தேய்ந்த கிரவுன் வீலுக்குப் பதில் எதை வைப்பது?

இவ்வினாவுக்கு விடையளித்தவர் மெக்கானிக்குகளே. வேறொரு வண்டியின் பின் அச்சை அளந்து பார்த்து, ஹவுசிங்கை வெட்டி ஒட்டி, கிடைத்த எண்ணைக் கிடைத்த வண்டிக்குப் பொருத்தினர். அடுத்து வந்தது டீசல் மாற்றம். 1840-இல் வண்டி செய்யும் நிறுவனமாகச் சென்னையில் தோன்றிய சிம்ப்சன் கம்பெனி, 1950-களில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. பெட்ரோல் குடிக்கும் பெரிய அமெரிக்க எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டிய வாடகைக் கார்கள் பெருகின. இங்கேதான் எண்ணின் அருமை வெளிப்பட்டது. டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழல்வது. நிமிடத்திற்கு 2,000 முறை சுழலும்போது 4.11 உள்ள வண்டி மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டர் செல்லும், 3.55 உள்ளது 72 செல்லும். டீசலுக்கு இழுவை மிகுதி. ஆதலின் எண்ணைக் குறைத்தும் மேடேறலாம். இதை அறிந்தோர் எஞ்சினோடு பின் அச்சையும் மாற்றினர். அறியாதோர் எஞ்சினை மட்டும் மாற்றி, ஓலமிடும் வண்டியையும் உடைந்த அச்சையும் பெற்றனர். பெயர் பதிவாகாத இம்மெக்கானிக்குகளின் அறிவு நம் தொழில் வரலாற்றில் ஓர் ஏடாக எழுதத்தக்கது.

இனித் தேர்வது எப்படி?

இன்றும் பழைய அமெரிக்க வண்டியொன்றைப் போற்றி வைத்திருக்கும் அன்பர்கள் சிலர் நம்மிடையே உண்டு. அவர்கட்கும், பழைமையில் நாட்டங்கொண்ட இளைஞர்க்கும் சில சொற்கள்.

முதலாவது, இப்போதுள்ள எண்ணை அறிதல். பின் சக்கரங்களுள் ஒன்றைத் தூக்கி, மற்றதைத் தரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுக. தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். முன்சக்கரங்களுக்கும் தரையிலுள்ள பின் சக்கரத்துக்கும் மரக்கட்டை வைக்காமல் இதைச் செய்தல் கூடாது. 1954 வரையிலான செவர்லேயில் தண்டு ஒரு குழாய்க்குள் மறைந்திருப்பதால் இம்முறை பயன்படாது. பற்களை எண்ணியே அறியவேண்டும்.

இரண்டாவது, டயரின் அளவு. பழைய டயர் கிடைக்காமல், 27.5 அங்குல உயரத்தினதற்குப் பதில் 26 அங்குலத்தினதை மாட்டினால், 3.70 என்னும் எண் 3.91 போல நடக்கும். பின் அச்சைத் தொடாமலே எண் மாறிவிட்டது! பலர் இதை மறந்து, பல்லைக் குற்றஞ் சொல்வர்.

மூன்றாவது, கிரவுன் வீலும் பினியனும் சேர்த்து அரைக்கப்பட்ட இணைகள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஓசையும் உடைவும் நிச்சயம். 1937 முதலான செவர்லேயில் உள்ள ஹைப்பாய்டு வகைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து செல்பவை. அவற்றுக்குரிய கியர் எண்ணெய் ஊற்றாவிடில் பற்கள் விரைவில் அழியும். எண் மாறியதும் வேகமானியின் கணக்கும் மாறும் என்பதையும் நினைவில் கொள்க.

நான்காவதும் முதன்மையானதும், சாலையை அறிதல். மேல்கோட்டை வழியைப் பாருங்கள். 50 கிலோமீட்டரில் இறுதிச் சிறு பகுதிக்காகப் பெரிய எண்ணை வைத்தால், எஞ்சிய வழியெல்லாம் எஞ்சின் வீணே சுழலும். அச்சிறு பகுதிக்கு உதவவே கியர்பெட்டியில் இரண்டாம் கியரும் முதற் கியரும் உள்ளன. முதற் கியரில் கியர்பெட்டி ஏறத்தாழ மூன்று மடங்கு இழுவை தருமாதலின், 3.55 உள்ள வண்டியிலும் மொத்தம் பத்துக்கு மேல் வருகிறது. குடும்பத்தோடு செல்வோர்க்கு அது போதும். எட்டுப் பேரும் மூட்டையுமாக நாள்தோறும் ஏறி இறங்கும் வாடகை வண்டிக்கோ 4.11 தக்கது, அதற்குச் சமவெளி வேகம் இரண்டாம் பட்சம். ஓவர்டிரைவ் உள்ள வண்டியாயின் இரண்டும் கைகூடும். சுருங்கச் சொன்னால், பின் அச்சை வழியின் பெரும்பகுதிக்காகத் தேர்க. கியர்பெட்டியை மலைக்காகப் பயன்படுத்துக.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் வண்டியை இறங்கவிடும் பழக்கம் பழைய சாரதிகளிடம் உண்டு. பழைய அமெரிக்க வண்டிகளின் டிரம் பிரேக்குகள் இடைவிடாது அழுத்தினால் சூடேறிப் பிடியிழக்கும். வைரமுடி நாளில் நடந்தும் வண்டியிலும் மக்கள் நெருங்கும் அவ்விறக்கத்தில், மீதமாகும் சில துளிப் பெட்ரோலுக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைத்தல் அறமன்று. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது முன்னோர் விதி. எஞ்சினே பிரேக்காகும்; அதற்கும் துணைசெய்வது அவ்விரு பற்சக்கரங்களே.

அமெரிக்க நாட்டில், அங்குள்ள சாலையைக் கருதி வார்க்கப்பட்ட பற்கள், இங்கே கரியிலும் டீசலிலும், சமவெளியிலும் குன்றிலும் உழைத்தன. அவற்றை நம் சாலைக்கு ஏற்பத் திருத்தியவர் நம் நாட்டுத் தொழிலாளர். பிறநாட்டுப் பொருளை வாங்குவது எளிது. அதை நம் நிலத்துக்கு ஏற்ப அளந்து அமைத்துக்கொள்வதே அறிவு. நம் காலனியில் அத்தொழில் அறிந்த முதியோர் இன்னும் இருப்பின், அவர்தம் அனுபவத்தைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்குமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அக்குறிப்பேடு வருமாயின், வருங்கால ஆண்டு மலர்களில் அதற்குப் பக்கங்கள் ஒதுக்குவது நம் சங்கத்தார்க்கு மகிழ்ச்சியான கடமையாகும்.